கமலைத் தோல்

எண்ணெயும் அரப்பும் வைக்கக் குனிந்த அன்னக்கொடி, விலகிக் கிடந்த வேட்டியைச் சட்டென்று மேலே இழுத்துவிட்டாள். செத்துக் கிடந்த புருசன் விருமாண்டியின் வயிற்றுத் தையலைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. ஊருக்கு அது கட்டியை எடுத்த தையல். அவளுக்கு அது எட்டு மாதப் பொய்.

அவள் அண்ணன் பேயாண்டிக்கும் வயிற்றில் புற்றுதான். மதுரையில் வெட்டி எடுத்தார்கள். அப்புறம் ஆறு வருசம் ஏர் ஓட்டினான். அந்தத் தைரியத்தில்தான் புருசனையும் வண்டி கட்டி அழைத்துப் போனாள். ஆபரேசன் முடிந்து விருமாண்டி குளோரோபாம் மயக்கத்தில் கிடந்தபோது, டாக்டர் கட்டிலோரம் நின்று அவளிடம் மட்டும் சொன்னார்.

"உங்க அண்ணனுக்கு ஒரே எடத்துல கட்டியா நின்னுச்சு, எடுத்தாங்க. இது வேற ஜாதிம்மா. வயிறு முழுக்கப் பரவி, தண்ணி எறைக்கிற பழைய கமலைத் தோலாட்டம் வெறச்சுக் கெடக்கு. ஈரலுக்கும் போயிருச்சு. கத்தி வைக்க எடமில்ல. தெறந்து பாத்துட்டு அப்படியே தச்சுட்டோம். நாலு மாசம் தாங்குனாப் பெருசு."

கண் விழித்தவரிடம் அவள் கூசாமல் சொன்னாள்.

"கட்டிய எடுத்துட்டாங்க."

"அப்பாடா" என்றார் அவர்.

நாலு மாசத்தை எட்டாக இழுத்த மனுசன். இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்காது. அவள் முகம் வாடும் முன்னே, "வெட்டுன வயிறுல்ல, இம்புட்டுத்தான் புடிக்கும்" என்று சிரிப்பார். போன வாரம் வரை கிணற்றடிக்கு நடந்தார். நம்பிவிட்டார் என்று அவளுக்கு நிம்மதி. ஏமாற்றிவிட்டோமே என்ற உறுத்தலும் கூடவே இருந்தது.

கொழுந்தன் அழகுமலை கண்ணைத் துடைத்தபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"முந்தாநாக்கூட கமலைக்குப் புதுத்தோலு வாங்கச் சொன்னாரு மதினி. 'பழசுக்கே ஒட்டுப் போட்டுக்கிருவோம்ணே'ன்னேன். 'ஒரு எடத்துல கிழிஞ்சா ஒட்டுப் போடலாம்டா. முழுக்க வெறச்சுப் போச்சுன்னா கத்தி வைக்க எடமில்ல'ன்னாரு. கமலைத் தோலுக்கு எதுக்குக் கத்தி? எனக்கு வெளங்கல."

அன்னக்கொடிக்கு விளங்கியது. மயக்கம் தெளிந்துதான் கிடந்திருக்கிறார். எல்லாம் கேட்டுவிட்டு, அவள் பொய்யை அவளுக்காகவே எட்டு மாதம் காப்பாற்றியிருக்கிறார். என்ன மனுசனய்யா இவர்!

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். கை நிறைய அள்ளியவள் அவர் முகத்தருகே போனதும் நின்றாள். அள்ளியதைத் தட்டிலேயே திரும்பக் கொட்டினாள். அவருக்கு இறங்கும் அளவுக்கு, இரண்டு விரலால் கொஞ்சம் கிள்ளி எடுத்து வாயில் வைத்தாள்.