சர்வர் வர இருபது நிமிடம்

எங்கள் கம்பெனி சர்வர் ஒருமுறை அணைந்து மறுபடி வர ஆறு நிமிடம் ஆகும். இருபது நிமிடம் ஆகும் என்று பத்து மாதமாகச் சொல்லிவந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முதலாளிக்குக் கம்ப்யூட்டர் தெரியாவிட்டால் கொஞ்ச நாள் மறைக்கலாம்.

நான் வேல்விழி. ஊர் மானாமதுரைப் பக்கம். திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறேன். அதாவது பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நான்தான், வைரஸ் வந்தாலும் நான்தான். 2005இல் அப்படி ஒரு வைரஸ் வந்தது. சர்வர் தானாகவே அணைந்து அணைந்து எழுந்ததில் ஷிப்மெண்ட் மூன்று நாள் தள்ளிப்போனது. முதலாளி திருமூர்த்தி என்னைக் கூப்பிட்டு, "இது மறுக்கா வராம இருக்க என்ன பண்ணோணும் அம்மிணி?" என்று கேட்டார். மாதாமாதம் செக்யூரிட்டி அப்டேட் வரும், அதை ஏற்றிவிட்டு சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்றேன். "பண்ணிப்போடு" என்றார்.

அமெரிக்காவில் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அப்டேட் வெளியாகும். நமக்கு அது கைக்கு வருவது புதன்கிழமை. ஏற்றும்போது யாருக்கும் தொந்தரவு இல்லை, ரீஸ்டார்ட்தான் தொல்லை. செக்கிங்கில் ஒரு கட்டு பனியனை ஓட்டை உண்டா என்று பார்த்து முடித்து, அதன் பார்கோடை ஸ்கேன் செய்தால்தான் அடுத்த கட்டு வரும். சர்வர் இல்லாவிட்டால் ஸ்கேன் இல்லை, செக்கிங்கும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பாதிப் பாதிப் பேராகத்தான் போவார்கள், அதனால் அப்போதும் மேஜை ஓயாது. இரவு எட்டரைக்கு மேல் இருக்கவோ ஞாயிற்றுக்கிழமை வரவோ எனக்கு இஷ்டமில்லை. துணி துவைக்க எனக்கும் ஒரு நாள் வேண்டுமே. ஆகவே புதன் மாலை நான்கு மணி என்று வைத்துக்கொண்டேன்.

முதல் மாதம் உண்மையிலேயே இருபது நிமிடம் ஆனது. டிஸ்க்கைச் சோதித்துவிட்டுத்தான் வருவேன் என்று சர்வர் அடம்பிடித்தது. சூப்பர்வைசர் தனபால் இண்டர்காமில் மூன்று முறை, "ஏனுங் மேடம், இன்னும் வரலீங்களா?" என்று கேட்டுவிட்டார். நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்று, என் அறைக் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் செக்கிங் ஹாலுக்குப் போனேன். முப்பது பெண்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

காலை எட்டரைக்கு மேஜை முன்னால் நின்றால் இரவு எட்டரை வரை நிற்கிறவர்கள் அவர்கள். உட்கார்ந்தால் கண் சொக்கும், துணியில் ஓட்டை தப்பிவிடும் என்பது தனபாலின் சித்தாந்தம். அதை அவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டுதான் சொல்வார். எங்கள் ஊர்க்காரரான ராக்கம்மாள் அக்கா அட்டைப்பெட்டியில் சாய்ந்து காலை நீட்டியிருந்தார். கணுக்கால் வீங்கி, கொலுசு சதைக்குள் புதைந்து கிடந்தது. என்னைப் பார்த்து, "இப்பத்தான் தாயி உசுரு வருது" என்றார்.

அடுத்த மாதம் சர்வர் ஆறு நிமிடத்தில் வந்துவிட்டது. நான் சொன்னால்தான் தனபால் வேலையைத் தொடங்குவார். இண்டர்காமைக் கையில் எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். பதினான்கு நிமிடம் கழித்துத்தான் சொன்னேன். அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

பன்னிரண்டாவது மாதம், அப்டேட்டுக்கு முந்தைய நாள், முதலாளி ஒரு காகிதத்தோடு என் அறைக்கு வந்தார். கோயம்புத்தூரிலிருந்து வாங்கிய கொட்டேஷன்.

"புது சர்வர் வாங்கிப்போடலாம் அம்மிணி. மாசாமாசம் இருபது நிமிசம் நீ இதோட மல்லுக்கட்டறதப் பாக்கப் பாவமா இருக்குது. இது மூணு நிமிசத்துல வந்துருமாமா. நாளைக்கு அட்வான்ஸ் குடுத்தர்றேன்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. மூன்று ஓவர்லாக் தையல் மெஷின் வாங்குகிற காசு அது. அந்த மெஷின்களுக்காக மனிதர் ஆறு மாதமாக பேங்குக்கு நடந்துகொண்டிருந்தார். இப்போது என்மேல் இரக்கப்பட்டு, என் பொய்க்கு விலை கொடுக்கப் போகிறார்.

புதன் காலை கேட்டிலேயே ராக்கம்மாள் அக்காவைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒம் பொய் எங்களுக்கும் தெரியுந் தாயி" என்றார் அவர். "நீ சும்மா ஒக்காந்திருக்கறத கண்ணாடி வழியாப் பாத்துருக்கோம்ல. எங்க காலுக்காக ஒன் வேலைக்கு ஒல வச்சுக்கிறாத. போயி உள்ளதச் சொல்லிரு."

முதலாளி அறையில் நின்றபடியே சொன்னேன். "பழைய சர்வரே ஆறு நிமிஷத்துல வந்துரும் சார்."

அவர் செக் புத்தகத்தை மூடிவைத்தார். "அப்ப மீதிப் பதினாலு நிமிசம் என்ன பண்ணுனே?"

"நான் ஒண்ணும் பண்ணல சார். செக்கிங்ல நிக்கிறவங்க உக்காந்தாங்க. ராக்கம்மாள் அக்காவுக்குக் கால் வீங்கிக் கொலுசே கழட்ட முடியல."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா சார்?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவருக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். பக்கத்து ஊர் மங்கலத்தில் பத்து வருடம் சொந்தக் காலில் நின்று தறி ஓட்டிய மனிதர். குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"குடுத்திருக்க மாட்டேன்" என்றார். "நீ போ."

போ என்றால் சீட்டுக்கா, வீட்டுக்கா என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அப்டேட்டை ஏற்றினேன். இந்த வேலையில் இதுவே கடைசி அப்டேட்டாக இருந்தாலும், அதை அரைகுறையாக விட்டுப்போக மனமில்லை. நான்கு மணிக்கு தனபாலிடம் சொல்லிவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தேன். சரியாக ஆறாவது நிமிடம் திரை உயிர்பெற்றது. திரும்பினால் முதலாளி பின்னால் நின்றிருந்தார். அவர் பார்வை கண்ணாடிக்கு அப்பால் ஹாலில் இருந்தது. அங்கே முப்பது பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"ஏன் அம்மிணி ஒருத்தரும் உக்காரல?"

"நான் உங்ககிட்டச் சொல்லிட்டேன்னு அவங்களுக்குத் தெரியும் சார். எனக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னு நிக்கிறாங்க."

தனபாலிடம் தொடங்கச் சொல்ல இண்டர்காமை எடுத்தேன். முதலாளி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"தனபாலு, சர்வர் வர இன்னும் பதினாலு நிமிசம் ஆகும். எல்லாத்தையும் உக்காரச் சொல்லு. உன்ற ஸ்டூல எடுத்துக் கொண்டுபோயி அந்த ராக்கம்மாளுக்குப் போடு. அது இனி அங்கியே இருக்கட்டும்."

தனபால் எழுந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நடப்பது கண்ணாடி வழியே தெரிந்தது.