எங்கும் பொருந்துகிற ஒரு தாள்

1

இந்தக் கதை கழிவுத்தாள் கொட்டகையில் கத்தி பிடித்த ஒருத்தியிடமிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று முறை தொடங்கினேன். ‘போர் முடிந்து ஒரு வீரன் நடந்தே வீடு திரும்பினான்’ என்றது முதல் தொடக்கம். அது அவள் படித்த நாவல், என் கதையில்லை. ‘அவளுக்கு முப்பது வயதிருக்கும், பார்ப்பதற்கு’ என்று இரண்டாவது. பார்ப்பதற்கு எப்படியிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. மூக்குக்கு மேல் தூசித்துணி கட்டியிருப்பாள். மூன்றாவது தொடக்கம், நீங்கள் படிப்பது.

2

பழைய புத்தகங்கள் மூட்டை மூட்டையாக வரும். முதுகில் பசை இருக்கும். பசை சேர்ந்தால் காகிதக்கூழ் கெட்டுவிடும். அதனால் ஒவ்வொன்றையும் வெட்டுக்கத்தியில் கொடுத்து முதுகைச் சீவி எறியவேண்டும். அதுதான் அவள் வேலை. கத்திக்காரி என்று கூப்பிடுவோம். (நான் மூட்டை தூக்கினேன். புத்தகம் எனக்கு வெறும் கனம்தான் அப்போது.)

அவள் புருஷன் போருக்குப் போனான். போர் முடிந்து ஓராண்டாகியும் வரவில்லை. ‘காணவில்லை’ என்று ஒரு கடிதம் மட்டும் வந்தது. இப்போது அதை ‘இறந்தார்’ என்று மாற்ற அவள் கையெழுத்துக் கேட்டு ஓர் எழுத்தர் நடையாய் நடந்தார். வெள்ளிக்கிழமை கெடு. போட்டுவிடு என்று சொன்னது அவனைப் பெற்றவள்தான்.

“நானே சொல்றேன், போட்டுரும்மா. இன்னும் எத்தனை நாளைக்குக் கதவைத் தாழ் போடாமப் படுக்கிறது?”

3

அந்த வாரம்தான் நாவல் வந்தது. ராஜாக்கள் காலத்துப் போர், வீடு திரும்பும் ஓர் ஈட்டிக்காரன். கை பழகிய வேகத்தில் முதுகைச் சீவிய பிறகுதான் ஒரு வரி அவள் கண்ணில் பட்டது. அந்தப் புத்தகத்தில் பக்க எண்கள் தையலோரமாக அச்சாகியிருந்தன. முதுகோடு எண்களும் போய்விட்டன. தாள்கள் சரிந்து தரையெல்லாம் பரவின.

அறுந்த வாக்கியத்தை அடுத்த தாளின் வாக்கியத்தோடு ஒட்டிப் பார்த்து, நான்கு நாள் சாப்பாட்டு நேரத்தில் வரிசை சேர்த்தாள். பரீட்சைக்குப் படிக்கிறாயா என்று மேஸ்திரி கிண்டல் செய்தார். அவள் அடுத்த தாளை எடுத்தாள்.

ஈட்டிக்காரன் ஊர் ஊராக வருகிறான். நாய்கள் குரைப்பதில்லை. தண்ணீர் கேட்டால் கிணற்றடிப் பெண்கள் திரும்புவதில்லை. மழையில் அவன் தலை நனைவதில்லை. களைப்பில் தனக்குத்தான் எதுவும் புலப்படவில்லை என்று அவன் நினைத்துக்கொள்கிறான். கடைசியில் தன் வீட்டுக் கதவைத் தள்ளுகிறான். மனைவி வாசலைப் பார்க்கிறாள். முற்றும்.

ஒரு தாள் மிஞ்சியது. முழு வாக்கியத்தில் தொடங்கி முற்றுப்புள்ளியில் முடிந்தது. எங்கே செருகினாலும் பொருந்தியது. அதில் அவன் ஆற்றைக் கடக்கிறான். முதுகில் ஏதோ இடிக்கிறது, குப்புற விழுகிறான், தண்ணீர் சிவக்கிறது. பிறகு எழுகிறான். வலி துளியும் இல்லையே என்று அதிசயப்பட்டு, வீட்டை நோக்கி நடக்கிறான்.

முன்னால் வைத்தால், நாவல் முழுக்க நடப்பது பிணம். பின்னால் வைத்தால், கதவைத் தள்ளியவன் உயிருள்ளவன். ஆனால் அவன் மறுபடி வீட்டைவிட்டுப் போய் ஆற்றில் விழுவான், மறுபடி வருவான். இரண்டாவது தடவை வருவது யார்?

4

இங்கே நின்றுவிட்டேன். பேய்க்கதை எழுத உட்கார்ந்தவனில்லை நான். அதனால் ஒரு பிரதியில் நாயைக் குரைக்கவிட்டேன். ‘நாய் குரைத்தது’ என்று எழுதி நோட்டை மூடினேன். காலையில் திறந்தால், ‘நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது’ என்றிருக்கிறது. என் கையெழுத்துதான். தூக்கக் கலக்கத்தில் நானே மாற்றியிருப்பேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டு, திருத்தினேன். மறுநாள் நாய்

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.)

5

வெள்ளிக்கிழமை எழுத்தர் கொட்டகை வாசலில் வந்து நின்றார். கத்திக்காரி நாவலில் மிஞ்சிய அந்தத் தாளை என்னிடம் நீட்டினாள்.

“அண்ணே, நீங்க எங்க வீட்டுக்காரரைப் பார்த்ததில்ல. உங்களுக்கு எந்தப் பக்கமும் ஆசை இருக்காது. இது எங்க வரணும், சொல்லுங்க. முன்னாடின்னா கையெழுத்துப் போட்டுடறேன்.”

“பொறும்மா. படிச்சிட்டுச் சொல்றேன்.”

படித்தேன். சட்டைப்பையில் வைத்தேன். மூட்டை இறக்கப் போகிறவன்போல் வெளியே போய், லாரியில் ஏறி, அந்தப் பக்கமே திரும்பாமலிருந்துவிட்டேன். தூக்க முடியாது என்று நான் விட்டுவிட்டு வந்த சுமை அந்தப் பதில் ஒன்றுதான்.

6

முடிவுகள்: அவள் கையெழுத்துப் போட்டாள், அன்று மாலை கதவு (கோடு போட்டு அடித்துவிட்டேன்). அவள் போடவில்லை, எழுத்தர் வாரம் தவறாமல் (இதையும்). உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் தைரியமில்லை.

தாள் என் மேசைமேல் இருக்கிறது. ஓரம் ஈரமாக இருக்கிறது. பக்கத்தில் தண்ணீர் எதுவும் நான் வைக்கவில்லை.

என் பிரதியில் எழுத்தர் இன்னும் நிற்கிறார். அவள் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறாள். உங்களுக்கும் அவனைத் தெரியாது, எந்தப் பக்கமும் ஆசை இருக்காது. தாள் எங்கே வரும் என்று நீங்கள் சொல்லுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். நீங்கள் படித்துக்கொண்டிருந்த இவ்வளவு நேரமும் அவன் நடந்துகொண்டுதான் இருந்தான்.