பூட்டை மட்டும் களவாடிய கதை

மராத்தி பேசுகிற ஊரான கோர்படியில் உள்ள தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் அறுப்பின் பண்டிகை அன்று காலை ஆராதனைக்கு வருகிறவர்களைவிட, அது முடிந்ததும் நடக்கும் ஏலத்துக்கு வருகிறவர்கள்தான் அதிகம். அறுப்பதற்கு இங்கே யாருக்கும் வயல் கிடையாது. ரயில்வேயும் ராணுவமும் ஆபீசும்தான் பிழைப்பு. அதனால் வீட்டில் என்ன இருக்கிறதோ அதைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். பூசணிக்காய், கேக், உயிருள்ள சேவல், கைப்பிடி இல்லாத குக்கர் எல்லாம் வரும். ஒருவர் கொடுத்ததை இன்னொருவர் ஏலத்தில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். இதில் சபைக்கு நன்மை, ஜனங்களுக்குப் பொழுதுபோக்கு.

பத்தொன்பது வருஷமாக ஏலம் விடுகிறவர் இன்பநாதன். படைக்கலத் தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர் வேலை. வருஷத்தில் முந்நூறு நாள் நட்டு, போல்ட்டு, வாஷர் என்று பெயரையும் எண்ணிக்கையையும் மட்டும் எழுதி எழுதி அலுத்துப்போன மனிதர். பண்டிகை அன்று மரச் சுத்தியல் கைக்கு வந்துவிட்டால் போதும், அடக்கி வைத்ததெல்லாம் பீறிட்டு வரும். எந்தப் பொருளைத் தூக்கினாலும் அதற்கு ஒரு பூர்வீகம் சொல்வார். ஒரு சாதாரணக் குடையை எடுத்து, இதை விரித்துப் பிடித்தபடிதான் ஒரு பிரிகேடியர் மனைவி வீட்டை விட்டு ஓடினாள் என்பார். அவ்வளவுதான், ரெண்டு குடும்பம் அந்தக் குடைக்காக முட்டிக்கொள்ளும்.

எல்லாம் பச்சைப் புளுகு என்று ஊருக்கே தெரியும். ஆனால் கேட்கும்போது யாருக்கும் அது ஞாபகம் இருக்காது.

போன வருஷம்தான் வினை வந்தது. ஒரு இரும்பு உலக்கையைத் தூக்கி, வானவடியில் நடந்த கொலையில் போலீஸ் தேடிக் கிடைக்காமல் போன ஆயுதம் இதுதான் என்று சொல்லிவிட்டார். ஏலத்தில் எடுத்த வீட்டு மருமகள் அதைப் படம்பிடித்து இன்டர்நெட்டில் போட, ஒரு பத்திரிகைக்காரர் நோட்டுப் புத்தகத்தோடு போதகர் ஆஸ்டின் வீட்டு வாசலில் வந்து நின்றார். போதகருக்கு அரை நாள் போயிற்று, தூக்கம் ஒரு வாரம் போயிற்று.

இந்த வருஷம் ஆராதனை முடிந்த கையோடு போதகர் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, பொருளோட பேரைச் சொல்லுங்க, நிறையைச் சொல்லுங்க, ஏலத்தை விடுங்க. ஒரே ஒரு கட்டுக்கதை வந்தாலும் சுத்தியல் விஜய்க்குப் போயிரும். கமிட்டியில பேசியாச்சு."

விஜய் ஹடப்சரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். இந்த வருஷமே ஒவ்வொரு பொருளுக்கும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி, கொடுத்தவர் பெயரோடு போனில் ஏற்றி வைத்திருந்தான். அடுத்த வருஷம் புரொஜக்டர் கொண்டுவருவதாக அவனுக்கு ஆசை. சுத்தியலை அவன் பார்க்கும் பார்வையே இன்பநாதனுக்குப் பிடிக்கவில்லை. அது கையை விட்டுப் போனால் மிச்சம் இருப்பது நட்டும் போல்ட்டும்தான்.

"சத்தியமா உண்மையத் தவிர எதுவும் பேச மாட்டேன் பாஸ்டரய்யா," என்றார்.

சொன்னபடியே செய்தார். "பூசணிக்காய். நாலு கிலோ. நல்லா இருக்கு." யாரும் வாய் திறக்கவில்லை. "சேவல். கூவும்." சேவலே இவரைச் சந்தேகமாகப் பார்த்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் சாப்பாட்டுப் பந்தி எப்போது என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது வரிசையில் அவர் மனைவி எல்சி, பக்கத்தில் அவளுடைய பால்ய சிநேகிதி சாந்தகுமாரி. ரெண்டு பேரும் ரயில்வே காலனியில் ஒன்றாக வளர்ந்தவர்கள். இன்றைக்கும் ஒரே டப்பாவில் பாக்கு வாங்கிப் பங்கு போடுகிறவர்கள். சாந்தகுமாரி இன்பநாதனைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். அந்தக் கொட்டாவிதான் அவரைக் கெடுத்தது.

அடுத்து கைக்கு வந்தது நாற்பத்து மூன்றாம் நம்பர். உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைப் பூட்டு. பூட்டியிருந்தது, சாவி இல்லை.

சாவி இல்லாமல் பூட்டிக் கிடக்கும் பூட்டைக் கையில் கொடுத்துவிட்டு, பெயரையும் நிறையையும் மட்டும் சொல் என்றால் எந்த மனிதனால் முடியும்? இன்பநாதன் போதகரைப் பார்த்தார். பிறகு பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

"இந்தப் பூட்டைப் பத்தி ஒரு வழக்கு உண்டு," என்றார் மெதுவாக. பந்தி விசாரித்தவர்கள் உட்கார்ந்தார்கள். "இதே கோர்படி ரயில்வே காலனி. ஒரு வீட்டுக்குத் திருடன் வந்தான். உள்ள நகை இருக்கு, டிரான்ஸிஸ்டர் இருக்கு, எவர்சில்வர் குடம் இருக்கு. ஒரு துரும்பத் தொடல. பூட்டை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டான். ஏன்? அவன் அலிகரில பூட்டு செய்யிற பரம்பரை. அவன் கைபட்டுத் திறக்காத பூட்டு கிடையாது. இது ஒண்ணு மட்டும் மூணு தடவை அவனைத் திருப்பி அனுப்பிச்சு. மானம் போச்சுன்னு, நாலாம் தடவை கொக்கியோட பேர்த்து, பூட்டையே கைதுசெஞ்சு கூட்டிட்டுப் போயிட்டான்."

சபை சிரித்தது. பின்வரிசையில் ஒருவர் ஐம்பது என்றார், இன்னொருவர் நூறு என்றார். போதகர் நாற்காலியை விட்டு எழுந்தார். விஜய் சட்டைக் கையை மடித்துவிட்டான்.

அப்போது சாந்தகுமாரி எழுந்து நின்றாள்.

"அது எங்க வீடு," என்றாள்.

இன்பநாதனுக்குக் கதை சொல்லித்தான் பழக்கம், கதை எழுந்து நின்று பதில் பேசிப் பழக்கமில்லை.

"எண்பத்திரண்டு மே மாசம்," என்றாள் சாந்தகுமாரி. "திருடன் வந்தானோ எவன் வந்தானோ, பூட்டு மட்டும்தான் போச்சு. அத்தை கல்யாணத்துக்கு ஊருக்குப் போறோம். பெட்டி படுக்கை எல்லாம் வாசல்ல. குதிரைவண்டி வந்து நிக்கு. அப்பா பூட்டைக் கேக்காவ. நான்தான் கொக்கியில தொங்கவிட்டுட்டு வந்தேன், போய்ப் பார்த்தா காணும். பூட்டாம எப்படிப் போக? கடைக்கு ஓடி வேற பூட்டு வாங்கிட்டு வாறதுக்குள்ள மெட்ராஸ் மெயில் போயிட்டு. கல்யாணம் நாங்க இல்லாமலே முடிஞ்சுது. நான் எங்கியோ தொலைச்சிட்டேன்னு எனக்கு அடின்னா அடி. இன்னைக்கு வரைக்கும் எங்க அண்ணன் என்னைப் பூட்டைத் தொலைச்சவளேன்னுதான் கூப்பிடுதான். அதக் கேட்டுக் கேட்டு எங்க வீட்டுக்காரரும் ஒரு சாவியை நம்பி என் கையில தரமாட்டாவ. பின்பக்கம் பாருங்க, மூணு கோடு இருக்கும். நான் ஆணியால கீறினது."

இன்பநாதன் பூட்டைத் திருப்பினார். மூன்று கோடு இருந்தது.

போதகர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ இது நிஜமா நடந்ததா, அண்ணாச்சி?"

ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டால் சுத்தியல் அவருடையது. நாக்கு நுனியில் வந்து நின்றது அந்தச் சொல்.

"உங்களுக்கு இதை யாரு சொன்னா?" என்று சாந்தகுமாரி கேட்டாள். "இந்தப் பூட்டை இங்க யாரு கொண்டாந்து வச்சா? எனக்குத் தெரியணும்."

"ஏக் மினிட் ஆன்ட்டி," என்றான் விஜய். "டோனர் நேம் என் லிஸ்ட்ல இருக்கும். ஃபார்ட்டி த்ரீ தானே?" போனில் விரலைத் தள்ளத் தொடங்கினான்.

இன்பநாதன் தற்செயலாகத் தன் மனைவியைப் பார்த்தார். எல்சி பார்வையைத் தரையில் நட்டிருந்தாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். இருபத்தேழு வருஷத்தில் அவள் இப்படிச் செய்து அவர் பார்த்தது ரெண்டே தடவைதான். கோந்த்வாவில் புது பிளாட்டுக்குக் குடிபோவதற்காகப் போன மாதம் அவள் பிறந்த வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியை ஒழித்தது ஞாபகம் வந்தது. மனுஷருக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. கதை கட்டுகிறவருக்கு இந்த அளவு போதாதா?

"விஜய், தேடாத," என்றார். "அத வச்சது நான். பழைய சாமான் விக்கிற ஜூனா பஜார்ல போன புதன்கிழமை வாங்கினேன். சொன்ன கதை முழுக்கப் பொய். நானே கட்டினது. சாந்தகுமாரி, உங்க பூட்டு எங்கியோ சுத்திட்டு பஜாருக்கு வந்திருக்கு, அவ்வளவுதான். பாஸ்டரய்யா, வாக்கு தவறிட்டேன்."

சொல்லிவிட்டுச் சுத்தியலை நீட்டினார். கதை கட்டியது என்பது நிஜம். பஜார் மட்டும் பொய். அந்த ஒரு பொய்தான் அவருக்கு வலித்தது, ஏனென்றால் அதில் கைதட்டல் எதுவும் கிடையாது. விஜய் கை நீட்டி வாங்கிக்கொண்டான்.

"அவங்க வாங்கல," என்றாள் எல்சி.

எழுந்து நின்றிருந்தாள். "நான்தான் வச்சேன். எடுத்ததும் நான்தான்."

சாந்தகுமாரி அவள் பக்கம் திரும்பினாள். சபை மொத்தமும் திரும்பியது.

"ஒம்பது வயசு எனக்கு. நீ ஊருக்குப் போனா ரெண்டு மாசம் வரமாட்ட. காலனியில எனக்கு வேற யாரு இருந்தா? பூட்டு இல்லன்னா உங்கப்பா வீட்டை விட்டுட்டுப் போகமாட்டாவன்னு நினைச்சேன். எடுத்துப் பாவாடைக்குள்ள ஒளிச்சேன். அமுக்கினதுல பூட்டிக்கிடுச்சு. உன்னை அடிக்கிற சத்தம் எங்க வீட்டுக்குக் கேட்டுச்சு. அப்புறம் சொல்ல பயம். அப்புறம் சொல்ல வெட்கம். குப்பையில போட மனசு வரல. காணிக்கையா வச்சு ஆண்டவர்கிட்ட ஒப்படைச்சா முடிஞ்சுரும்னு பார்த்தேன். இவங்க இந்த வருஷம் வாயத் திறக்க மாட்டாங்கன்னு நம்பித்தான் வச்சேன்."

கடைசி வாக்கியத்துக்குச் சிலர் சிரித்தார்கள். சாந்தகுமாரி சிரிக்கவில்லை.

"ஏட்டி," என்றாள், "அவ்வளவு அடியும் உனக்கு வரவேண்டியதுட்டி."

"தெரியும்."

"நான் ஊருக்குப் போகக் கூடாதுன்னா எடுத்த?"

எல்சி தலையசைத்தாள். சாந்தகுமாரி மூக்கை உறிஞ்சினாள். போனை எடுத்து, திருநெல்வேலியில் இருக்கும் அண்ணனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். "ஏய், நான் ஒண்ணும் பூட்டைத் தொலைக்கல. களவு போயிருக்கு. சாட்சிக்கு இங்க இருநூறு பேர் இருக்காவ. கள்ளியே ஒத்துக்கிட்டா, கேளு," என்று சொல்லி, போனை எல்சியின் வாயருகே பிடித்தாள். எல்சி எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் ரெண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் நனைத்துக்கொண்டிருந்தார்கள். பூட்டைச் சாந்தகுமாரியே எடுத்தாள். எதிர்த்து யாரும் கேட்கவில்லை.

போதகர் விஜய் கையிலிருந்து சுத்தியலை வாங்கி இன்பநாதனிடம் திருப்பிக் கொடுத்தார்.

"மனைவியை மறைக்கத் தன் பேரைக் கெடுத்துக்கிட்டாரு பாருங்க," என்றார் சபையிடம். "உண்மை தெரிஞ்சிருந்தும், அலிகர் அது இதுன்னு சுத்தி வளைச்சு, நோகாம வெளிய கொண்டுவந்திருக்காரு. அண்ணாச்சி, அடுத்த வருஷமும் நீங்கதான். இதே மாதிரி நடந்த கதையா சொல்லுங்க."

"பாஸ்டரய்யா, சத்தியமா நான் கட்டினதுதான் அது," என்றார் இன்பநாதன்.

"தன்னடக்கம்," என்றார் போதகர். கைதட்டினார்கள்.

சுத்தியல் கிடைத்தது சந்தோஷம்தான். ஆனால் பத்தொன்பது வருஷத்தில் அவர் கட்டியதிலேயே உருப்படியான கதை அது. திறக்காத பூட்டால் மானம் போன திருடன் என்பது எப்பேர்ப்பட்ட யோசனை. அதைப் போய் யாரோ சொல்லிக் கேட்டது என்று முடிவுகட்டிவிட்டார்களே என்று பந்தியில் உட்கார்ந்தபோது சோறு இறங்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் கோர்படி ரயில்வே கேட் மூடியிருந்தது. ஸ்கூட்டரை நிறுத்தினார். சுற்றிலும் ஆட்டோக்களும் வண்டிகளும்.

"எங்க அம்மாதான சொன்னாவ உங்களுக்கு?" என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த எல்சி. "அவங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"உங்க அம்மா எதுவும் சொல்லல. எனக்கு எதுவுமே தெரியாது எல்சி. வாயில வந்ததச் சொன்னேன்."

"இன்னும் பொய் சொல்லுதீய," என்றாள். அதில் கோபம் இல்லை. "நமக்குள்ள எத்தனை சண்டை வந்திருக்கு. உங்க பொய்யை எல்லாம் சொல்லிச் சொல்லி நான் எவ்வளவு குத்தியிருக்கேன். ஒருநாளாவது, நீ மட்டும் யோக்கியமான்னு கேட்டிருக்கலாம்ல. அம்மா செத்தே பதினாறு வருஷம் ஆகு. இத்தனை காலம் மனசுல வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லிக் காட்டலியே நீங்க."

கன்னத்தை அவர் முதுகில் சாய்த்துக்கொண்டாள். சட்டை ஈரமாவது தெரிந்தது. கல்யாணமான புதிதில்கூட அவள் நடுரோட்டில் அவர்மேல் இப்படிச் சாய்ந்ததில்லை.

இன்பநாதனுக்குத் தன் கதையை மீட்டுக்கொள்ள அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். இவள் ஒருத்தியாவது நம்பவேண்டும். எப்படித் தோன்றியது, சாவி இல்லாததைப் பார்த்ததும் திருடன் எப்படி வந்தான், அலிகர் எப்படி வந்தது என்று வரிசையாகச் சொன்னால் நம்பிவிடுவாள். வாயைத் திறந்தார்.

சரக்கு ரயில் தடதடவென்று போய் முடிந்தது. கேட் மேலே போயிற்று. பின்னால் இருந்த ஆட்டோக்காரன் ஹாரன் அடித்து, "சலோ காக்கா," என்று அவரைப் போகச் சொன்னான். முதுகில் இருந்த கன்னம் நகரவில்லை.

இன்பநாதன் வாயை மூடிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.