சர்வருக்குச் சாப்பாடு

கணவன் கவிநேசன் இறந்த பிறகு இரண்டு வருடம் ஷாந்தினி ஒரு பருக்கை சோறு தின்னவில்லை. சுங்கை ரம்பாய் திரையரங்கின் சர்வர் சாப்பிட்டது, அவளுக்கு வயிறு நிறைந்தது. உடம்பு இளைக்கவில்லை. ஆயர் குரோ கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை, உப்பு, இரும்பு எல்லாம் இருக்க வேண்டிய அளவில் இருந்தன. நன்றாகச் சாப்பிடுகிறீர்கள், இப்படியே இருங்கள் என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

சர்வர் சாப்பிடுகிறது என்பது கவிநேசனின் பேச்சு. இப்போதெல்லாம் படம் பெட்டியில் ரீலாக வருவதில்லை, பெரிய பெரிய கோப்புகளாக ஹார்ட் டிஸ்க்கில் வருகிறது. திரையரங்கின் மேல் அறையில் இருக்கும் சர்வர் என்ற கணினியில் டிஸ்க்கைச் செருகினால், அது மொத்தப் படத்தையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும். படத்தைத் திறக்கும் சாவி தனியாக மின்னஞ்சலில் வரும். பெரிய திரையரங்குகளுக்கு இதற்கென்றே உலோக உறை போட்ட டிஸ்க் உண்டு, யானை விலை. கவிநேசன் வேலை பார்த்த புக்கிட் பெருவாங் விநியோகக் கம்பெனி அதை வாங்கித் தராது. அவன் மலாக்கா டவுனில் யூனுஸ் மாமா கடையில் ஒரு சாதாரண டிஸ்க்கும், அதை நிமிர்த்தி வைக்கும் பிளாஸ்டிக் தாங்கியும் வாங்கினான். "ரப்பர் ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கிட்டு கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்குடா," என்று யூனுஸ் மாமா சிரித்தார். ஆனால் வேலை செய்தது. சர்வருக்குப் புரியும் முறையில் அவன் டிஸ்க்கைத் தயார் செய்திருந்ததால், வீட்டுக் கணினியில் செருகினால் காலி என்றே காட்டும். உள்ளே இருப்பது சர்வருக்கு மட்டும் தெரியும்.

"நீ சாப்பிடு. நான் சர்வருக்குச் சோறு போட்டுட்டு வந்துர்றேன்." ஒரு புதன்கிழமை இப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்பியவனை மெர்லிமாவ் சாலையில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி அடித்தது. ஆஸ்பத்திரியில் கைக்கடிகாரம், பர்ஸ், டிஸ்க் மூன்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். டிஸ்க்கில் கீறல்கூட இல்லை. ஷாந்தினி அழவில்லை. அழ வேண்டிய நேரத்தில் யாரோ தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், குடித்தாள். அதற்குள் அந்த நேரம் போய்விட்டது.

கருமாதி முடிந்த மறுநாள் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் சுங்கை ரம்பாய் போனாள். அங்கே படம் ஓட்டும் இருளாண்டி பதறிப்போய், "நீ எதுக்கும்மா வந்த? சொல்லியிருந்தா நானே வந்து எடுத்திருப்பேன்ல," என்றார். அவள் டிஸ்க்கைத் தாங்கியில் நிறுத்திக் கம்பியைச் செருகினாள். திரையில் பச்சைக் கோடு நகர்ந்தது. அது பாதி வந்தபோது அவளுக்குப் பசி அடங்கியது. முடிந்தபோது ஏப்பம் வந்தது. அன்று முதல் கவிநேசனின் வேலையை அவளே பார்த்தாள். குடும்பப் படம் கல்யாணச் சாப்பாடுபோல் கனத்தது. சண்டைப் படம் ஏறினால் மறுநாள் வயிறு எரிந்தது. விளம்பரம் மட்டும் ஏறினால் பிஸ்கட் தின்றாற்போல் இருந்தது. புதுப்படம் வராத வாரங்களில் பழையதை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினாள், நேற்றைய குழம்பைச் சுடவைப்பதுபோல. எதிலும் ருசி தெரியவில்லை. அவளும் தேடவில்லை.

புக்கிட் காத்தில் வீட்டில் அவளோடு இருந்த மாமியார் சுப்பம்மா, ஆக்கிய சோறு அப்படியே இருப்பதைப் பார்த்து, புதன்கிழமைதோறும் இருளாண்டிக்குப் போன் போட்டார். "தம்பி, சாப்பிட்டுச்சா?" மகன் பார்த்த வேலை, தாய் விசாரிக்கத்தானே செய்வார் என்று இருளாண்டி நினைத்துக்கொண்டார். "முழுசா சாப்பிட்டுச்சுக்கா. மிச்சம் மீதி இல்ல." நம் பேச்சில் வீட்டுக்கு வந்த பெண்ணும் மெஷினும் ஒரே மாதிரிதான் சாப்பிடும். தன் கைச்சோறு பிடிக்காமல் மருமகள் வெளியே சாப்பிடுகிறாள் என்று சுப்பம்மா எடுத்துக்கொண்டார். வருத்தம் இருந்தது, கவலை இல்லை.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட்டது. யூனுஸ் மாமா அதைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மூச்சு வாங்குதும்மா, வேற மாத்திக்க," என்றார். புதிதாக ஒன்று வாங்கினாள். அதிலிருந்தும் சர்வர் சாப்பிட்டது. ஆனால் அவள் வயிற்றுக்கு ஒன்றும் வரவில்லை. வீட்டில் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்துப் பார்த்தாள். வைத்தது வாயிலேயே இருந்தது. தொண்டைக்கு வழி மறந்துபோயிருந்தது. பழைய டிஸ்க்குக்கே திரும்பினாள். அது நின்றால் தானும் பட்டினியில் நின்றுவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் பயம் வரவில்லை. அந்த மாதமே கம்பெனியிலிருந்து செய்தி வந்தது, இனிமேல் படம் இணைய வழியில் நேராகத் திரையரங்குக்குப் போகும், டிஸ்க் தேவையில்லை என்று.

கடைசிப் புதன்கிழமை மத்தியானம் பச்சைக் கோடு பாதியில் நின்றது. டிஸ்க் ஒருமுறை டக்கென்றது, பிறகு சுற்றவில்லை. இருளாண்டி கம்பியைப் பிடுங்கிச் செருகினார், ஊதிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். நாளைக்கு முதல் காட்சி. தலையைச் சொறிந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, வாங்கி வைத்திருந்த நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். சம்பல் வாசம் அறை முழுக்கப் பரவியது.

"பசிக்குதுண்ணே," என்றாள் ஷாந்தினி.

அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினார். முதல் வாய் இறங்கியபோது பச்சைக் கோடு நகர்ந்தது. அவள் நிறுத்தினாள், கோடும் நின்றது. இன்னொரு வாய், இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. இருளாண்டி டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று கிடந்தது. அவர் காரியக்காரர். "நிறுத்தாத லா, பாதிப் படம் பாக்கி இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடிப்போய் இன்னும் இரண்டு பொட்டலம் வாங்கிவந்தார்.

படம் முழுதாக ஏறிய பிறகு அவள், "சம்பல்ல உப்பு ஜாஸ்திண்ணே," என்றாள். இலையில் ஒட்டியிருந்ததை இருளாண்டி விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். உப்பு சரியாகத்தான் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் இலையைச் சுருட்டிக் குப்பையில் போட்டார்.

இணையக் கம்பி வந்து பூட்டியாகிவிட்டது. அதன் விளக்கு எப்போதும் எரிகிறது, அதன் வழியாக இதுவரை ஒரு படமும் வந்ததில்லை. புக்கிட் காத்திலில் ஷாந்தினி சாப்பிட்டால் சுங்கை ரம்பாயில் படம் ஏறுகிறது. கருவாட்டுக் குழம்பு என்றால் சீக்கிரம் ஏறும், உப்புமா என்றால் இழுக்கும். புது ஏற்பாடு அருமையாக வேலை செய்கிறது என்று கம்பெனியில் எல்லோருக்கும் திருப்தி. பழைய டிஸ்க் சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. புதன்கிழமைகளில் போன் போடுவது இப்போது இருளாண்டி.

"அக்கா, சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கு தம்பி. போதும்னு எந்திரிக்கப் பாக்குது."

"விட்டுறாதீங்கக்கா. கடைசிப் பாட்டு இன்னும் வரல."

சுப்பம்மா தட்டில் இன்னொரு பிடி சோறு வைத்து மோரை ஊற்றினார்.