சம உயரத்தில் இரண்டு கொடிகள்

கொஞ்சம் இறக்கு மச்சான், உன் துணி என் துணிக்கு மேல நிக்குது, பிரான்சுக்கு மட்டும் தனிக் காத்தா என்கிறான் தாபி, என் மனைவி லெய்மாஸின் அண்ணன், போர்ட் விலா நீதிமன்ற வாசலில் அவன் கையில் பிரிட்டிஷ் கொடிக் கயிறு, என் கையில் பிரெஞ்சுக் கொடிக் கயிறு, ஒரே தீவுக்கூட்டத்தை இரண்டு நாடுகள் சேர்ந்து ஆண்டதால் இரண்டு போலீஸ், அவன் ஒன்றில், நான் ஒன்றில், இரண்டு சிறை, கொடிகள் மட்டும் ஒரே உயரத்தில் பறக்க வேண்டும், ஒரு விரற்கடை கூடினாலும் புகார் போகும், அதனால் தினமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடியே ஏற்றினோம், இறக்கினோம், இன்று கடைசியாக இறக்குகிறோம், விடிந்தால் இது வனுவாட்டு, தனி நாடு.

என் மூவர்ணம் பாதிக் கம்பத்தில் சுருங்குகிறது, அந்தக் கம்பம் காரைக்கால் கடற்கரைக் கம்பமாகிறது, சிறுவனாக நான் அப்பாவின் தோளில் இருக்கிறேன், அங்கேயும் இதே துணிதான் இறங்குகிறது, பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தாவான அப்பா நம்ம கொடி போற எடத்துக்குத்தான் நாமளும் என்கிறார், அம்மா வரமாட்டேன் என்கிறாள், கப்பலேறும் நாளில் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, புள்ளையையாச்சும் உட்டுட்டுப் போங்களேன், அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு கப்பலேறினார், சைகோன், நூமெயா, பிறகு இந்தத் தீவு, சட்டை நுனியில் அந்த இழுப்பு இன்னும் இருக்கிறது.

மிச்சமிருந்த அம்மாவின் தமிழை எல்லாம் லெய்மாஸிடம்தான் பேசித் தீர்த்தேன், அவளும் அதையே பேசப் பழகினாள், பிறந்த மண்ணிலேயே அவள் பிரெஞ்சுக்காரியுமில்லை, பிரிட்டிஷ்காரியுமில்லை, சட்டப்படி எந்த நாட்டவளுமில்லை, காலையில் சேனைக்கிழங்கு சீவியபடி சிரித்தாள், நாளைக்கு எனக்கும் ஒரு நாடு வருது, பாவம், நீங்கதான் நடுக்கடல்ல, ஆமாம், நாளை, இன்னும் பிரெஞ்சுக் கொடி பறக்கும் நூமெயாவுக்குப் போகும் விமானத்தில் எனக்கு இடமிருக்கிறது, அவள் வரமாட்டாள், அவள் வயிற்றில் புரளுவதும் வராது, இருந்துவிட்டால் புது நாடு இரண்டு குடியுரிமையை ஏற்காது, அம்மாவை விட்டுவிட்டு அப்பா காப்பாற்றிய அந்தப் பிரெஞ்சுக் குடியுரிமையை நான் என் கையாலேயே கொடுத்துவிட வேண்டும், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கப்பல், ஒரு கரை.

மச்சான், என்னுது தரைக்கு வந்து மடிச்சும் ஆச்சு, உன்னுது மட்டும் ஏன் தொங்குது, தாபி கேட்கிறான், முதன்முறையாக இரண்டும் இத்தனை வேறுபட்ட உயரத்தில் இருக்கின்றன, புகார் சொல்ல யாருமில்லை, கயிறு என் மணிக்கட்டைச் சுற்றி இறுகியிருக்கிறது, நான் சுற்றிய நினைவில்லை, பின்னால் யாரோ என் சட்டை நுனியைப் பிடிக்கிறார்கள், அம்மாவா, இல்லை, கிழங்கின் மண் ஒட்டிய விரல்கள், அம்மாவின் அதே காரைக்கால் தமிழ், கயித்த உட்டுட்டு இங்கயே இருந்துடுங்களேன்.