பஹ்ஹாவுக்கு இன்னொரு சொல்

1.

இந்தக் கதை கற்பனையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. உதித்தது ஓர் அச்சுப் புத்தகத்தில், ஒரே ஒரு தப்பான சொல்லில்.

அலெக்சாந்திரியாவில், கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, சின்ன இசையரங்கம். [முதல் வரைவில் இங்கே கடலைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. சும்மா இரைந்துகொண்டிருந்தது, அடித்துவிட்டேன்.] அங்கே ஹில்மி என்பவர் நிகழ்ச்சிக் கையேடு எழுதுகிறார். எழுதுவதாவது! போன கையேட்டை எடுத்து, சொல்லுக்குச் சொல் மாற்றிப் போடுவார். ஒரே வரி இரண்டு தடவை வந்தால் மேலாளருக்குப் பிடிக்காது.

2.

பாடகி இன்ஷிராஹுக்கு ஐம்பத்தெட்டு வயது. தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகி, இரண்டு வருடம் கழித்து மேடைக்குத் திரும்புகிறார். பழைய கையேட்டில் அவர் குரலில் ‘பஹ்ஹா’ உண்டு என்றிருந்தது. குரலின் ஓரத்தில் லேசான ஒரு பிசிறு. அதற்காகவே இங்கே டிக்கெட் வாங்குவார்கள். அது வரும் இடத்தில் ‘அல்லாஹ்!’ என்று சொக்கிப்போவார்கள்.

ஹில்மி மாற்றுச்சொல் அகராதியைப் புரட்டினார். பஹ்ஹாவுக்கு நேரே நாலாவதாக ‘ஹஷ்ரஜா’ என்று இருந்தது. ஓசை கம்பீரமாகப்பட்டது. போட்டார். அச்சாகிவிட்டது. ஹஷ்ரஜாவும் தொண்டைச் சத்தம்தான், உயிர் போகும் நேரத்தில் கேட்கும் சத்தம்.

3.

கச்சேரி அன்று மதியம்தான் தப்பு தெரிந்தது. ஹில்மி பாடகியின் வீட்டுக்கு ஓடினார். கதவு பாதிதான் திறந்தது.

“வாய்யா அகராதி! உசுரோட இருக்கறப்பவே என்னைக் குழியில எறக்கிட்டியே.”

[‘சங்கு ஊதிட்டியே’ என்று முதலில் எழுதினேன். இங்கே யாருக்கும் சங்கு ஊதுவதில்லை.]

“தெரியாம நடந்துபோச்சு...”

“ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சப்ப என் தொண்டையில அந்தச் சத்தந்தான் கேட்டுச்சு. மறக்க ரெண்டு வருஷமாச்சு. நீ அதை அச்சடிச்சு ஆளுக்கொண்ணு குடுக்கறே. நான் வரல, போ.”

ஹில்மி தலைகுனிந்து

4.

இல்லை. ஹில்மி என்று யாரும் இல்லை. அரபு படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட காயல்பட்டினத்துக்காரன் நான். அகராதியைப் புரட்டியதும் நான், அந்த வாசலில் நின்றதும் நான். ‘நான்’ என்று எழுத வெட்கப்பட்டு அதற்கும் ஒரு மாற்றுச்சொல் தேடியிருக்கிறேன். தொட்டில் பழக்கம் இல்லை, தொழில் பழக்கம்.

“ராத்தா...” என்றேன். பதற்றத்தில் எங்கள் ஊர் வாய் வந்துவிட்டது.

“என்னது அது?”

“எங்க பாஷையில அக்கான்னு அர்த்தம்.”

கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது.

“அப்ப அந்த பாஷையிலயே சொல்லு. என் குரல்ல இருக்கறது என்ன? அர்த்தம் எனக்கு வேணாம். நீ சொல்ற விதத்துலயே தெரிஞ்சுடும், என் பாட்டைக் காதால கேட்டிருக்கியா, கையேட்டுல மட்டும் படிச்சிருக்கியான்னு. சரியாச் சொல்லு, வரேன்.”

பயத்தில் ‘கரகரப்பு’ என்றேன். சளிக்கு மருந்து கேட்பவன் மாதிரி. அவர் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று கச்சேரி இல்லை. அதற்குப் பிறகும் அவர் மேடை ஏறவில்லை.

5.

அதனால்தான் அந்த மதியத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘கம்மல்’ போட்டுப் பார்த்தேன், காதில் தொங்குகிறது. ‘தழுதழுப்பு’ அழுகிறவர்களுக்கு, இன்ஷிராஹ் அழமாட்டார், நம்மைத்தான் அழவைப்பார். ‘பிசிறு’ மேலே நானே போட்டது. அதைச் சொன்னால் குற்றம் கண்டுபிடிப்பதுபோல் இருக்கிறது.

நீங்கள் யாருடைய குரலையாவது கேட்டு, கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு நின்றிருப்பீர்கள். அந்தக் குரலை நினைத்துக்கொள்ளுங்கள். அகராதி வேண்டாம். ஏழு மணிக்குக் கச்சேரி. கழுத்துத் தழும்பை மறைக்கும் துணியைக் கையில் பிடித்தபடி அவர் வாசலில் நிற்கிறார்.

“சொல்லு,” என்கிறார்.

“ராத்தா, உங்க குரல்ல இருக்கறது [               ]”