கூசா ஆறு சொட்டிய கிட்டார்

வெர்லன் டிட்மோரின் கிட்டாரிலிருந்து ஆற்றுத் தண்ணீர் சொட்டத் தொடங்கியது மார்ச் மாதத்தில். அதே வாரம் கோழித்தீவனம் விலையேறியதால் ஊரில் தீவன விலையைப் பற்றித்தான் பேச்சு.

முப்பது வருடமாக வெர்லனின் குழு ஒரே பாட்டால் பிழைத்தது. மூன்று கிட்டார்கள் சேர்ந்து துள்ளும் உல்லாசமான பாட்டு. வேறு பாட்டுகளும் இருந்தன, அலபாமாவில் யாரும் கேட்கவில்லை. பாடிப் பாடி மனுஷனுக்கு முகமே தேய்ந்துவிட்டது. தம்பி ஹாலிஸ் எங்கள் ஊர் கூசா ஆற்றில் மூழ்கிச் செத்தபோதும் வெர்லன் டெக்சஸில் அதைத்தான் பாடிக்கொண்டிருந்தான். அடக்கத்துக்கு வரவில்லை, நிகழ்ச்சி இருந்ததாம். அதன்பிறகு அவன் எதிரில் ஹாலிஸ் பெயரை நாங்கள் எடுத்ததில்லை.

அறுபது வயதில் ஒரு காலை, சத்தத்தை மெருகேற்றும் பெட்டிகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஹாலிஸ் விட்டுப்போன கிழிந்த ஸ்பீக்கரில் கிட்டார் ஒயரைச் செருகினான். வந்த சத்தம் பச்சைப் புண்போல இருந்தது. அதைப் பாட்டு என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. கம்பிகளிலிருந்து கூசா ஆற்றின் செம்மண் தண்ணீர் வழிந்தது. அவன் மனைவி நடீன் வாளி வைத்தாள்.

சாலையில் போன வண்டிகள் ஓரம்கட்டி நின்றன. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். எங்கள் பக்கம் சவ ஊர்வலத்துக்குத்தான் அப்படி நிற்போம். யாரும் யோசித்து நிற்கவில்லை, கால் தானாக பிரேக்கை மிதித்தது. சாயங்காலத்துக்குள் சாவு வீட்டுச் சாப்பாடும் வந்துவிட்டது. பன்றித்தொடைக் கறி, மக்ரோனி, ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் பெயரெழுதிய டேப்பு. பக்கத்து வீட்டு மேவிஸை நடீன் வாசலிலேயே மறித்தாள்.

“இங்க யாரும் சாகலக்கா. எடுத்துட்டுப் போங்க.”

“அப்ப உள்ள அவன் யாரைம்மா பொதைக்கிறான்?”

உள்ளே வாசிப்பு நின்றது. அந்த வாரம் முழுக்க அவன் கிட்டாரைத் தொடவில்லை.

மாவட்டச் சந்தை விழாவில் பழைய பாட்டைப் பாடாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று குழுவினர் சொல்லிவிட்டார்கள். சரி என்று தலையாட்டியவன், மேடையேறி அந்தக் கிழிந்த ஸ்பீக்கரில்தான் செருகினான். கூட்டம் பழைய பாட்டைக் கேட்டுக் கத்தியது, அவன் வாசிக்கத் தொடங்கியதும் அடங்கியது. குழுவினர் ஒவ்வொருவராக வாத்தியத்தைக் கீழே வைத்தார்கள். மைதானத்தில் தண்ணீர் கணுக்கால் வரை ஏறியது. பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் யாரும் போகவில்லை.

முடிந்தபோது கைதட்டல் இல்லை. மேவிஸ் தண்ணீரில் நடந்துபோய் மேடையேறி அவன் கையைப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் துக்கம் கேட்க வரிசையில் நின்றோம்.

“ஹாலிஸ் தங்கமான பையன்,” என்றாள்.

“அடக்கத்துக்கு நான் வரலையே மேவிஸ்.”

“தெரியும். இப்ப வந்துட்டேல்ல.”

வெர்லன் அழுதான். பார்க்கப் பாவமாக இருந்தது, எங்களுக்கு நிம்மதியாகவும் இருந்தது. குழு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது. நடீன் பாத்திரங்களைக் கழுவி, பெயர் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். அவன் வீட்டுக்கு முன்னால் ‘சாலையில் தண்ணீர், மெதுவாகச் செல்லவும்’ என்று பலகை நட்டிருக்கிறார்கள். அவன் வாசிக்கும் நாட்களில் நாங்கள் வண்டியை ஓரம்கட்டி, முடியும்வரை காத்திருந்துவிட்டுப் போகிறோம். தீவன விலைதான் இன்னும் இறங்கவில்லை.